காம்பாக்ட் கேமராவைக் கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி: செகண்ட் ஹேண்டில் வாங்கும் முன் ஒரு முழு வழிகாட்டி

அலமாரியில் பத்துப் பதினைந்து வருடம் சும்மா கிடந்த சின்ன டிஜிட்டல் கேமராக்களுக்கு இப்போது மறுபடியும் கிராக்கி வந்திருக்கிறது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள்: எத்தனை மெகாபிக்சல், என்ன விலை? இந்த இரண்டை வைத்து ஒரு காம்பாக்ட் கேமராவை எடை போடவே முடியாது.

சட்டைப் பைக்குள் போகிற ஒரு பெட்டிக்குள் லென்ஸ், சென்சார் (ஒளி விழுந்து படம் பதியும் சில்லு), பேட்டரி, திரை, ஃபிளாஷ் எல்லாம் இடத்துக்குப் போட்டி போடுகின்றன. லென்ஸைப் பெரிதாக்கினால் பேட்டரி சுருங்கும். சென்சாரைப் பெரிதாக்கினால் லென்ஸ் தடிக்கும். வடிவமைத்தவர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டுக்கொடுத்தார் என்பது ஒவ்வொரு பாகத்திலும் தெரியும். அவர் விட்டுக்கொடுத்தது நமக்குத் தேவையில்லாத ஒன்றா என்று பார்த்தால் போதும். அந்தப் பாகம் இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, 2012-இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100-ஐ எடுத்துக்கொள்கிறேன். நான் அதிகம் கையாண்ட கேமரா அது. அதோடு, காம்பாக்ட் கேமராவின் எல்லா இழுபறியும் அதில் பளிச்சென்று தெரியும். தேவையான இடத்தில் மற்ற மாடல்களும் வரும்.

கிளம்பும்போது ஒரு சின்ன டார்ச், ஒரு வெள்ளைத் தாள், அன்றைய நாளிதழில் ஒரு பக்கம், இரண்டு மெமரி கார்டு (ஒன்று 2 ஜிபி, இன்னொன்று 16 அல்லது 32 ஜிபி) எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து வைக்கும்படி விற்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்படுத்துகிற இடத்தில் வாங்காதீர்கள்.

படி 1: ஆன் செய்யாமல் கையில் பிடியுங்கள்

எல்லாரும் முதலில் பவர் பொத்தானைத்தான் அழுத்துவார்கள். வேண்டாம். அப்படியே கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள்.

ஆர்எக்ஸ்100-இன் அகலம் 101.6 மி.மீ., உயரம் 58.1 மி.மீ., தடிமன் 35.9 மி.மீ. பேட்டரியும் கார்டும் சேர்த்து எடை 240 கிராம். பாடி அலுமினியம். முன்பக்கம் வழவழவென்று இருக்கும், விரல் பற்றிக்கொள்ள ஒரு மேடுகூடக் கிடையாது. பார்க்க அழகு, பைக்குள் சிக்காமல் நுழையும், ஆனால் வியர்த்த கைக்கு ஆகாது. இதற்கென்றே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கிரிப் ஒன்றைச் சோனியே பின்னால் தனியாக விற்றது. ரிக்கோ ஜிஆர் 3-ஐ எடுத்துப் பாருங்கள்: எடை 257 கிராம், ஏறக்குறைய அதே அளவு, ஆனால் முன்பக்கம் சொரசொரப்பான ரப்பர் பிடி. ஒரு கையால் பிடித்து அதே கையால் படம் எடுக்கலாம். தெருவில் நடந்தபடி எடுப்பவர்கள் அதை விடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

உங்கள் கட்டைவிரல் பின்னால் எங்கே போய் உட்காருகிறது? திரையின் மேலா, பொத்தானின் மேலா, இல்லை அதற்கென்று விட்ட இடத்திலா? ஆள்காட்டி விரல் தேடாமல் படம் எடுக்கும் ஷட்டர் பொத்தானுக்குப் போகிறதா? நல்ல வடிவமைப்பில் இது தானாக நடக்கும்.

அப்புறம் நான்கு மூலைகளையும் பாருங்கள். லேசான தேய்மானம் பரவாயில்லை. மூலை நசுங்கியிருந்தால் கேமரா கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். லென்ஸ் வளையத்தின் விளிம்பு நசுங்கியிருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். அடிப்பக்கத் திருகுகளில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். டிரைபாட் மாட்டும் துளை உலோகமா பிளாஸ்டிக்கா, மரை தேயாமல் இருக்கிறதா என்று விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள்.

கேமராவை மெல்லக் குலுக்கினால் உள்ளே ஏதோ அசைகிற மாதிரி லேசான சத்தம் வரலாம். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பு லென்ஸுக்குள் இருக்கும் கேமராக்களில் அந்தக் கண்ணாடி அணைத்திருக்கும்போது சற்றே ஆடும், அதற்குப் பயப்பட வேண்டாம். சில்லறை போட்ட டப்பா மாதிரி சத்தம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

படி 2: லென்ஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

அணைத்து வைத்தால் தட்டையான பெட்டி, ஆன் செய்தால் முன்னால் நீளும் லென்ஸ். அந்த நீளத்தை எங்கே மடித்து வைப்பது என்பதுதான் காம்பாக்ட் கேமரா வடிவமைப்பின் மையக் கேள்வி. அதற்குப் பல விடைகள் வந்தன.

அதிகம் பரவியது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள். ஆர்எக்ஸ்100-உம் அதுதான். 2003-இல் பென்டாக்ஸ் ஆப்டியோ எஸ் என்ற கேமராவில் ஒரு படி மேலே போனார்கள். அணைக்கும்போது லென்ஸின் ஒரு பகுதி தன் வரிசையை விட்டு விலகிப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும், மீதிக் குழாய்கள் அந்தக் காலி இடத்தில் புகுந்துகொள்ளும். இதனால் ஒரு புதினா மிட்டாய் டப்பாவுக்குள் அடங்குகிற கேமரா கிடைத்தது. மினோல்டா வேறு வழி பிடித்தது. 2002-இல் வந்த டிமாஜ் எக்ஸ் கேமராவில் லென்ஸ் வெளியே நீளவே நீளாது. உள்ளே ஒரு முப்பட்டகம் ஒளியை நேராகக் கீழே திருப்பிவிடும், ஜூம் முழுக்கப் பாடிக்குள்ளேயே மேலும் கீழும் நகரும். தடிமன் 20 மி.மீ.தான்.

வாங்குகிறவருக்கு இது ஏன் முக்கியம்? வெளியே நீளும் குழாய்தான் இந்தக் கேமராக்களில் முதலில் பழுதாகும் இடம். ஒருமுறை திருச்செந்தூர் கடற்கரைக்குப் போயிருந்தபோது கேமராவை ஈரத் துண்டோடு ஒரே பையில் போட்டுவிட்டேன். சாயங்காலம் ஆன் செய்ததும் 'கிர்ர்க்' என்று ஒரு சத்தம், லென்ஸ் பாதி நீண்டு நின்றுவிட்டது, திரையில் லென்ஸ் பிழை என்று வந்தது. கடுகில் பாதிகூட இல்லாத ஒரு மணல்துகள்தான் காரணம். குழாய்களுக்கு நடுவே ஒரு தலைமுடி நுழைகிற இடைவெளிதான் இருக்கும், மணல் போய் உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் பொடிப் பற்சக்கரங்களால் தள்ள முடியாது. பழுது பார்க்க ஆகும் செலவைக் கேட்டபோது அதே மாடலில் இன்னொன்று வாங்கிவிடலாம் போலிருந்தது. அன்றிலிருந்து எந்தக் கேமராவைப் பார்த்தாலும் கண்ணுக்கு முன்னால் காதைக் கொடுக்கிறேன்.

இப்போது ஆன் செய்யுங்கள். காதுக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். மோட்டார் சத்தம் ஒரே சீராக வர வேண்டும். நடுவில் தயங்கினாலோ, அரைபடும் சத்தம் வந்தாலோ, முன்மூடித் தகடுகள் முழுதாகத் திறக்காமல் நின்றாலோ யோசியுங்கள். பத்து முறை ஆன் செய்து அணையுங்கள். லென்ஸை வானத்தைப் பார்த்து ஐந்து முறை, தரையைப் பார்த்து ஐந்து முறை. தளர்ந்துபோன மோட்டார் மேல்நோக்கித் தள்ளும்போது காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் ஜூமைக் கடைசிவரை இழுத்து, நீண்ட குழாயை இரண்டு விரலால் தொட்டு மிக மென்மையாக அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் இருக்கத்தான் செய்யும். சாய்ந்து நின்றால் கூடாது.

படி 3: லென்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

லென்ஸைச் சுற்றி இரண்டு ஜோடி எண்கள் இருக்கும். ஆர்எக்ஸ்100-இல் 10.4–37.1 என்பது குவியத் தூரம், மி.மீ. கணக்கில். 35 மி.மீ. ஃபிலிம் கணக்குக்கு மாற்றினால் 28–100. அதாவது ஒரு முனையில் ஒரு அறையை முழுதாக அடைக்கலாம், மறுமுனையில் முகத்தை அழகாக எடுக்கலாம்.

இன்னொரு ஜோடி 1.8–4.9. இதுதான் எஃப் எண், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரின் அதிகபட்சத் திறப்பு. எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரிது. ஜூம் செய்யாமல் இருக்கும்போது 1.8, முழு ஜூமில் 4.9. ஒளி இந்த எண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும், ஆகவே ஜூமை இழுத்து முடிப்பதற்குள் ஒளி ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கல்யாண மண்டபத்தின் உள்ளே 28-இல் பளிச்சென்று வரும் படம், 100-இல் ஏன் மங்கலாகவும் கை ஆடியும் வருகிறது என்பதற்கு இதுதான் விளக்கம்.

2014-இல் வந்த ஆர்எக்ஸ்100-இன் மூன்றாம் மாடலில் சோனி இதை மாற்றியது. ஜூம் 24–70 ஆகச் சுருங்கியது, பதிலுக்கு எஃப் எண் 1.8–2.8 ஆனது. தூரத்தை விட்டுக்கொடுத்து வெளிச்சத்தை வாங்கிக்கொண்டார்கள். 2018-இல் வந்த ஆறாம் மாடலில் நேரெதிர்: 24–200, ஆனால் 2.8–4.5. ஒரே குடும்பம், ஒரே அளவு சென்சார், மூன்று வேறு தீர்மானங்கள். கோயில் சிற்பங்களையும் வீட்டுக்குள் குழந்தைகளையும் எடுப்பவர் என்றால் மூன்றாம் மாடலின் பக்கம் போங்கள். பறவைக்கும் மேடைக்கும் ஆசைப்பட்டால் ஆறாவது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 'டிஜிட்டல் ஜூம்' என்ற எண்ணை மட்டும் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது, அவ்வளவுதான்.

படி 4: சென்சாரின் உண்மையான அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆர்எக்ஸ்100-இல் இருப்பது 'ஒரு இன்ச்' சென்சார் என்பார்கள். அளவுகோலை எடுத்தால் எந்தப் பக்கத்திலும் ஒரு இன்ச் கிடையாது. 13.2 × 8.8 மி.மீ., மூலைவிட்டம் 16 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பழைய டிவி கேமராக்களில் படம் பிடிக்கக் கண்ணாடிக் குழாய் இருந்தது. அந்தக் குழாயின் வெளிவிட்டத்தைத்தான் இன்ச்சில் சொல்வார்கள், படம் விழும் பகுதி அதற்குள்ளே சிறியதாக இருக்கும். குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

ஆகவே பெயரை விட்டுவிட்டுப் பரப்பளவைப் பாருங்கள். சாதாரணப் பாக்கெட் கேமராக்களில் இருக்கும் 1/2.3 இன்ச் சென்சார் சுமார் 28 சதுர மி.மீ. ஆர்எக்ஸ்100-இன் சென்சார் சுமார் 116, நான்கு மடங்கு. ரிக்கோ ஜிஆர் 3-இல் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற பெரிய வகை சென்சார் அதைப் போல இன்னும் மூன்று மடங்கு. மழை நாளில் முற்றத்தில் வைக்கும் பாத்திரம் மாதிரிதான். வாய் அகலமாக இருந்தால் அதே நேரத்தில் அதிகம் நிறையும். ஆனால் ஜிஆர் அந்தப் பெரிய சென்சாரை வைக்க ஜூமையும் உள்ளே இருக்கும் ஃபிளாஷையும் விட்டுக்கொடுத்துவிட்டது. ஒரே ஒரு 28 மி.மீ. பார்வை, எஃப் 2.8.

பழைய கேமரா தேடுபவர்கள் இப்போது 'சிசிடி இருக்கா?' என்று கேட்கிறார்கள். சிசிடி பழைய வகை சென்சார், சிமாஸ் பின்னால் வந்தது. சிசிடி படங்களின் நிறம் சிலருக்குப் பிடிக்கிறது, எனக்கும் வெயில் நேரத்துப் படங்களில் பிடிக்கும். ஆனால் அந்த நிறத்தில் பெரும்பங்கு அந்தக் கேமராவின் மென்பொருளுடையது. சிசிடிக்கே உரிய ஒன்று, கேமராவை விளக்குக்கு நேராகக் காட்டினால் திரையில் மேலிருந்து கீழாக ஒரு வெளிர்க்கோடு ஓடும். அது பழுது இல்லை, அதன் இயல்பு.

உண்மையான பழுது வேறு. 2005-இல் பல ஜப்பானிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓர் அறிவிப்பு விட்டன: சோனி தயாரித்துக் கொடுத்த ஒரு வகை சிசிடி, வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான இடங்களில் செயலிழந்துபோகிறது, படம் கலைந்தோ கருப்பாகவோ வருகிறது, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. பெரும்பாலும் 2002 முதல் 2004 வரை வந்த மாடல்கள். வெப்பமும் ஈரப்பதமும் என்றால் நம் கடலோர ஊர்கள்தானே. அந்த வருடத்துக் கேமராவை ஐந்து படமாவது எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். இப்போது அதை மாற்றித் தர யாரும் இல்லை.

தூசிக்கு ஒரு சோதனை. லென்ஸ் நீண்டு சுருங்கும்போதெல்லாம் காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு தூசியும் போய்ச் சென்சாரில் உட்காரும். அப்பர்ச்சரை அந்தக் கேமராவில் இருக்கும் கடைசி எண்ணுக்கு, ஆர்எக்ஸ்100 என்றால் எஃப் 11-க்குக் கொண்டுபோய், ஜூமை முழுதாக இழுத்து வெள்ளைத் தாளை ஃபோகஸ் இல்லாமல் படம் எடுங்கள். அதைப் பெரிதாக்கி மூலைக்கு மூலை பாருங்கள். மங்கலான சாம்பல் வட்டம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் அது தூசிதான். லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் இதைத் துடைக்க முழு உடலையும் பிரிக்க வேண்டும். ஒன்றிரண்டு புள்ளி என்றால் விலையில் பேசிக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

படி 5: டார்ச் அடித்துப் பாருங்கள்

ஜூமை நீட்டி, சாய்வாக டார்ச் அடித்து முன்கண்ணாடி வழியே உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல்நூலாகத் தெரிந்தால் ஃபங்கஸ், பூஞ்சை. பீரோவுக்குள் தோல் உறையில் போட்டு மழைக்காலங்களைக் கடந்த கேமராக்களில் இது சகஜம். வாங்காதீர்கள். வெள்ளைப் புகை படிந்த மாதிரி இருந்தாலும் அப்படியே. முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் மட்டும் என்றால் படத்தில் பெரும்பாலும் தெரியாது.

அடுத்து நாளிதழ்ப் பக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவைச் சுவருக்கு நேராகப் பிடித்து, ஜூம் இல்லாமல், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஒரு படம். நான்கு மூலைகளிலும் எழுத்தைப் படித்துப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி கொஞ்சம் மங்கினால் அது அந்த லென்ஸின் குணம். வலது கீழ் மூலை மட்டும் குழைந்து, மற்ற மூன்றும் கூர்மையாக இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது, கேமரா விழுந்திருக்கிறது. விற்பவர் என்ன சொன்னாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது. சந்தேகம் இருந்தால் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். படச்சட்டத்தின் அதே மூலையில் நிற்காமல் மங்கல் வேறு மூலைக்கு மாறினால் நீங்கள் கோணலாகப் பிடித்திருக்கிறீர்கள்.

படி 6: டயல், வளையம், பொத்தான்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மெனுவுக்குள் நுழையாமல் விரலாலேயே வேலை முடிகிறதா என்பதுதான் நல்ல கேமராவின் அடையாளம்.

2009-இல் வந்த கேனான் பவர்ஷாட் எஸ்90-இல் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் வைத்தார்கள். அதைத் திருப்பினால் அப்பர்ச்சரோ ஐஎஸ்ஓவோ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு), நாம் எதை வைத்தோமோ அது மாறும். அருமையான யோசனை. ஆனால் பின்பக்க டயல் மிகத் தளர்வாக இருந்தது, கட்டைவிரல் பட்டாலே எண் மாறிவிடும் என்று அப்போது விமர்சனங்கள் எழுந்தன. அடுத்த வருடம் எஸ்95-இல் அந்த டயலை இறுக்கிவிட்டார்கள், ஒவ்வொரு நகர்விலும் விரலுக்கு ஒரு தடுப்பு தெரியும். படத்தின் தரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றால் நான் எஸ்95-தான் எடுப்பேன்.

ஆர்எக்ஸ்100-இன் முன்வளையம் 'க்ளிக்' இல்லாமல் வழுக்கிச் சுழலும். கையால் ஃபோகஸ் செய்ய இது நல்லது. ஷட்டர் வேகம் மாற்றும்போது, எத்தனை படி நகர்ந்தது என்று விரலுக்குத் தெரியாது, திரையைப் பார்க்க வேண்டும்.

சோதனை எளிது. எல்லாப் பொத்தானையும் ஒரு தடவை அழுத்துங்கள், எதையும் விடாதீர்கள். டயலை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள், திரையில் எண் தாவாமல் வரிசையாக மாற வேண்டும். ஷட்டரைப் பாதி அழுத்தி நிறுத்துங்கள், ஃபோகஸ் பிடித்து அங்கேயே நிற்க வேண்டும். பாதியும் முழுதும் விரலுக்கு வேறுவேறாகத் தெரியாவிட்டால் உள்ளே ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது.

படி 7: திரையும் ஃபிளாஷும்

திரையை வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள், கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். ஆர்எக்ஸ்100-இன் 3 இன்ச் திரையில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு வெள்ளைப் புள்ளிகளும் உண்டு, அதனால் வெயிலில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் சாயாது, தொட்டாலும் வேலை செய்யாது. சாயும் திரை வேண்டும் என்றால் இரண்டாம் மாடல், கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர் வேண்டும் என்றால் மூன்றாவது. சாயும் திரையில் கீலை மடக்கி நீட்டும்போது படம் மினுக்கினால் உள்ளே தட்டை ஒயர் போகத் தொடங்கியிருக்கிறது.

ஃபிளாஷ் மேலெழுந்து வரும் வகை என்றால் அதன் கால்களைப் பாருங்கள், தளர்ந்திருக்கக் கூடாது. ஆர்எக்ஸ்100-இன் ஃபிளாஷை விரலால் மெல்லப் பின்னுக்குச் சாய்த்தால் வெளிச்சம் கூரையில் பட்டு இறங்கும், முகம் வெளிறாது. இந்த வகைக் கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/2000 நொடியிலும் ஃபிளாஷ் ஒத்துழைக்கும், லென்ஸ் மாற்றக்கூடிய சாதாரண எஸ்எல்ஆர் கேமராவில் அது 1/200, 1/250-ஓடு நின்றுவிடும். உச்சிவெயிலில் தொப்பி நிழல் விழுந்த முகத்தை எடுக்கும்போது இதன் அருமை தெரியும்.

படி 8: பேட்டரி, கார்டு, மூடி

பேட்டரியை வெளியே எடுத்து மேசையில் படுக்க வையுங்கள். ஒரு விரலால் தொட்டுச் சுழற்றிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுழன்றால் வயிறு உப்பியிருக்கிறது, அதை மறுபடி கேமராவில் போடாதீர்கள். புதிய பேட்டரி இன்றும் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே தேடிவிடுங்கள். ஆர்எக்ஸ்100-இல் போடும் என்பி-பிஎக்ஸ்1 அந்தக் குடும்பம் முழுக்கப் பொருந்தும், கிடைப்பதில் கஷ்டம் இல்லை.

ஒரு சார்ஜுக்கு 330 படம் என்று அதன் கணக்கு சொல்கிறது, ஜிஆர் 3-க்கு 200-தான். சிறிய உடலுக்குக் கொடுக்கும் விலை இது. பழைய பேட்டரியில் இதில் பாதி வந்தாலே திருப்தி. முதல் ஆர்எக்ஸ்100 மைக்ரோ யூஎஸ்பி வழியாகக் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் ஆகும், ஆகவே அந்தத் துளை ஆடாமல் இருக்கிறதா, ஒயர் மாட்டினால் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

கார்டு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 2002-க்குப் பிறகு வந்த பல ஒலிம்பஸ், ஃபூஜி கேமராக்கள் எக்ஸ்டி கார்டு கேட்கும். பழைய சோனிகள் மெமரி ஸ்டிக் கேட்கும். இரண்டும் இப்போது பழைய சரக்காகத்தான் கிடைக்கும், கேமராவோடு ஒன்று தராவிட்டால் வாங்காதீர்கள். எஸ்டி கார்டு போடுகிற பழைய கேமராக்களிலும் ஒரு சிக்கல் உண்டு. 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளுக்கான எஸ்டிஎச்சி முறை 2006-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய கேமரா பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. நீங்கள் கொண்டுபோன இரண்டு கார்டும் இதற்குத்தான். பெரியதை முதலில் போடுங்கள், ஏற்கவில்லை என்றால் சிறியது.

பேட்டரி மூடியின் கொக்கி சின்ன பிளாஸ்டிக் துண்டுதான், ஆனால் அது உடைந்தால் ரப்பர் பேண்ட் போட்டுத்தான் கேமராவை ஓட்ட வேண்டும். மூடும்போது 'டக்' என்று பிடிக்க வேண்டும். உள்ளே பச்சை படிந்திருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது.

படி 9: கடிகாரம்

எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக ஒன்று. தேதியையும் நேரத்தையும் சரியாக வைத்துவிட்டு அணையுங்கள். பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் மேசையில் வையுங்கள், அதற்குள் எடுத்த சோதனைப் படங்களை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்க்கலாம். திரும்பப் போட்டதும் கேமரா மறுபடி தேதி கேட்டால், உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் சின்ன மின்சேமிப்பு காலியாகியிருக்கிறது. முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியை ஒரு நாள் உள்ளேயே விட்டுவைத்தால் சில கேமராக்களில் அது மீண்டுவிடும். மீளாவிட்டாலும் படம் எடுப்பதில் குறை இருக்காது, பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் தேதி வைக்க வேண்டியிருக்கும். மற்ற எட்டுப் படியிலும் தேறிய கேமரா என்றால் நான் இதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்பேன்.